லூபென் பேசின படம் இருக்கா?

"ஊர்ல இருக்கற அத்தனை பொம்பளைங்ககிட்டயும் பேசறான். என்கிட்ட மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

நெவேனா இதைச் சொல்லாத நாள் கிடையாது. காலையில் வீடியோ கடையின் தகரக் கதவைத் தூக்கும்போது சொல்வாள். செப்டம்பரில் முற்றத்தில் எல்லாரும் சேர்ந்து குடைமிளகாய் சுடும்போது, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொல்வாள். சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு மாதாவிடம் சொல்வாள். மாதா பதில் சொல்லாததால் திரும்பி என்னிடம் சொல்வாள்.

நான் மீத்கா. அவள் வீட்டுக்கு நேர் மேல்மாடி. அவள் தன் புருஷனைத் திட்டுவது குழாய் வழியாக எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

கேட்கிறவர்கள் லூபெனைப் பெரிய மன்மதன் என்று நினைப்பார்கள். ஆளைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். ஒல்லி. முழங்கையில் தேய்ந்த கம்பளிச் சட்டை. டான்யூப் ஆற்றில் சரக்குப் படகை இழுக்கும் கப்பலில் ரேடியோக்காரராக இருந்தவர். வியன்னா வரைக்கும் போய்வந்து ஜெர்மனும் இங்கிலீஷும் கற்றுக்கொண்டார். கப்பல் கம்பெனி படுத்த பிறகு எங்கள் ஊர் லோமுக்கே வந்து வீட்டில் உட்கார்ந்தார். "உப்பு போதுமா?" என்றால் தலை அசையும். "வெளியே குளிரா?" என்றால் தோள் அசையும். அவ்வளவுதான் அவருடைய பேச்சு.

ஆனால் மத்தியானம் ஆனால் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேச ஆரம்பிப்பார். அதுதான் அவர்கள் பிழைப்பு.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வெளிநாட்டுப் படத்துக்கு ஒரே குரல்தான். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், கிழவி, கைக்குழந்தை, இயந்திர மனிதன் எல்லாருக்கும் ஒருத்தரே படிப்பார். அவரவர் மொழியில் அவரவர் கத்துவது அடியில் மெல்லக் கேட்கும். மேலே லூபென், மழைத் தண்ணீர் குழாயில் இறங்குகிற மாதிரி ஒரே சீராக. "நான் உன்னைக் கொன்றுவிடுவேன்" என்பதும் "ரொட்டியை எடு" என்பதும் ஒரே குரலில்தான் வரும். நடிக்கக் கூடாது. நடித்தால், "இவன் யாருடா குறுக்க?" என்று ஜனத்துக்குக் கோபம் வந்துவிடும்.

படகுக்காரர்கள் வியன்னாவிலிருந்து கேசட் கொண்டுவருவார்கள். லூபென் குரல் கொடுத்துப் பிரதி எடுப்பார். கீழே கராஜில் நெவேனா வாடகைக்கு விடுவாள். மைக் பழைய கப்பலிலிருந்து கழற்றி எடுத்து வந்தது. வெளிச் சத்தம் குறையட்டும் என்று அறைக் கதவின் மேல் கல்யாண மெத்தையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஐஸ்பெட்டி உறுமுவது மைக்கில் விழுகிறது என்று பேசும்போதெல்லாம் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். திரும்பச் சொருக மறந்துவிடுவார். அந்த வீட்டில் நல்ல தயிர் நான் சாப்பிட்டதே இல்லை.

"ஐஸ்பெட்டியையாவது அப்பப்ப பிடுங்கி விடறான். என்னை ஒரேயடியா பிடுங்கி வச்சுட்டான்," என்பாள் நெவேனா.

எனக்கும் அவள் மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். எங்கள் வீட்டில் அப்போது வீடியோ கிடையாது. என் வீட்டுக்காரர் பேசுகிற ஆள், ஆனால் பேசுவதெல்லாம் ஈரல் வலி பற்றி. ஊரே கேட்க ஆசைப்படுகிற குரலைச் சும்மா கட்டிலின் அந்தப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு இவள் அழுகிறாளே என்று இருக்கும்.

கடைக்கு வருகிறவர்கள் நடிகர் பெயரைக் கேட்க மாட்டார்கள். படத்தின் பெயரையும் கேட்க மாட்டார்கள்.

"நெவேனா அக்கா, லூபென் அண்ணன் பேசின படம் புதுசா இருக்கா?" ரொட்டிக்கடை ஸ்தாங்கா ஒரு நாள் கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"எந்த மாதிரி படம்?"

"எதுவா இருந்தா என்னக்கா? துணி மடிக்கும்போது ஓட விட்டா வீட்ல ஒரு ஆம்பளை இருக்கற மாதிரி இருக்கு."

"உன் வீட்ல ஆம்பளை இருக்கானே."

"இருக்கான். அவன் பேசினா துணி மடிக்கத் தோணாது, மூட்டை கட்டத்தான் தோணுது."

நெவேனா சிரிக்கவில்லை. கண் மட்டத்தில் இருந்த தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து அவள் கையில் திணித்தாள். "இந்தா. இதுலயும் அவன்தான் பேசறான்."

"என்னக்கா இது?"

"பளு தூக்கறவங்க கதை. மூச்சை இழு, தூக்கு, இறக்கு. துணி நல்லா மடியும்."

அவள் கடையை அடுக்கிய விதமே அவள் மனசைக் காட்டிவிடும். கண் முன்னால் விளையாட்டுப் படங்கள்: பளு தூக்குகிறவர்கள், மல்யுத்தக்காரர்கள், கால்பந்துக் குழு மலையேறிப் பயிற்சி எடுத்த கதை, சைக்கிள்காரன் ஒருத்தன் காலை உடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டிய கதை. "பளு தூக்கறவன் இரும்பைத்தான் கட்டிப்பிடிக்கறான். குடும்பத்துக்கு ஆபத்தில்லை," என்பாள். குடும்பக் கதைகளும் காதல் தொடர்களும் கீழ்த்தட்டில், தரை துடைக்கும் வாளிக்குப் பின்னால். யாராவது குனிந்து தேடினால், "என்ன விழுந்துச்சு?" என்று கேட்பாள். விண்வெளித் தொடர்கள் மேல்தட்டில். "மேல எல்லாம் கல்லும் இருட்டும்தான். அங்க எவ இருக்கப் போறா?" என்று அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தாள்.

படங்களை அவள் கேட்டதே இல்லை. கடை டிவியில் ஓட்டிப் பார்ப்பாள், படம் தெளிவாக இருக்கிறதா என்று. சத்தத்தை மொத்தமாகக் குறைத்திருப்பாள். "என்கிட்ட பேசணும்னா சமையலறைக்கு வரட்டும். காசு குடுத்து வாங்கின டிவிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எவளுக்கோ பேசறதை நான் ஏன் கேக்கணும்?"

வம்பு வந்தது அந்த மேல்தட்டிலிருந்துதான்.

தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்கிற வயலேட்டா என்று ஒருத்தி. செம்பட்டைத் தலை, அதுவும் பாதி சாய டப்பாவிலிருந்து வந்தது. அண்ணன் ஜெர்மனியில் இருக்கிறான். அவன் அனுப்பிய டிவி அவள் வீட்டில் பாதிச் சுவரை அடைத்திருந்தது. புருஷன் விட்டுப்போய் வெகுநாள். நெவேனாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. பூப்பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் எங்களில் குருத்தோலை ஞாயிறுதான், பிறந்த நாள் மாதிரி கொண்டாடுகிற பெயர் நாள். நெவேனா என்றால் சாமந்தி. வயலேட்டா என்றால் ஊதாப்பூ. ரெண்டும் ஒரே நாள். பெயர் நாளுக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள். மேஜையை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், வருகிறவர்கள் தானாக வருவார்கள். வருஷா வருஷம் முதலில் நம் வீட்டுக்கு வருகிறார்களா அவள் வீட்டுக்குப் போகிறார்களா என்று நெவேனா ஜன்னலில் நின்று பார்ப்பாள்.

அந்த வருஷம் நோன்புக் காலத்தில், வயலேட்டா விண்வெளிக் கப்பல் தொடரின் ஒரு கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். சுற்றாமல். கடைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது, முதலுக்குச் சுற்றிக் கொடுக்கவும் என்று. அப்படியும் பாதியில் நிறுத்தி அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"கை என்ன ஒடிஞ்சா போச்சு இவளுக்கு?" என்று நெவேனா கேசட்டை மிஷினில் போட்டாள். சுற்றுகிற பொத்தானை அழுத்தப் போன விரல் ஏனோ ஓட்டுகிற பொத்தானை அழுத்தியது. சத்தத்தையும் ஏற்றினாள். ஏன் ஏற்றினாள் என்று கேட்காதீர்கள். சந்தேகம் வந்தவளுக்குக் கை தனியாக வேலை செய்யும்.

டிவியில் ஒரு நரைத்த கப்பல் தலைவன் ரேடியோக் கருவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லூபெனின் குரல் வந்தது.

"உன் குரல் கேட்காத இடத்தில் எனக்குத் திசையே தெரியவில்லை. பேசிக்கொண்டே இரு."

வழக்கமான குரல் இல்லை. முதலில் சின்னதாக மூச்சு திணறியது. பிறகு குரல் தழுதழுத்து, கனிந்து, ஒரு மனுஷன் மனசு நிறைந்து பேசுகிற மாதிரி வந்தது. நெவேனா பட்டென்று நிறுத்தினாள். கேசட்டைப் பிடுங்கி எடுத்து முதல் மாடி, ரெண்டாம் மாடி என்று ஓடிவந்து என் கதவைத் தட்டினாள்.

"மீத்கா! மாட்டிக்கிட்டாங்கடி ரெண்டு பேரும்."

"யாரு?"

"அவனும் அந்த டப்பாத் தலையும். அந்த இடத்துலயே நிறுத்தி வச்சுருக்கா. திரும்பத் திரும்பக் கேட்டுருக்கா. கேட்டுட்டு, சுத்தக் கூட மனசு வரலை அவளுக்கு."

"ஒரு இடத்துல நிறுத்தினா அதுக்கு அர்த்தம் அதுவா? பால் பொங்கிருக்கும், எழுந்து போயிருப்பா."

"பாலும் பொங்கலை, ஒண்ணும் பொங்கலை. என் வயிறுதான் பொங்குது."

அடுத்த வாரம் அதே கேசட்டை ஸ்தாங்கா எடுத்துப் போனாள். அவளும் சுற்றாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, நெவேனாவின் முகத்தைப் பார்க்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள். நெவேனா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டாள். அதே இடம். உன் குரல் கேட்காத இடத்தில் எனக்குத் திசையே தெரியவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கே இன்னொரு தடவை கேட்கத் தோன்றியது.

"கொஞ்சம் பின்னால சுத்திப் பாரேன்," என்றேன். "யாருகிட்ட சொல்றான்னாவது தெரியட்டும்."

"கப்பல்காரன் எவகிட்ட சொன்னா எனக்கென்ன? வாய் என் புருஷனோடது." நிறுத்திவிட்டாள். "முதல்ல ஒருத்தி. இப்ப ரொட்டிக்கடைக்காரி. ஊரே அந்த இடத்துக்கு வந்து நின்னு கேட்டுட்டு டிவியைக் கட்டிப்பிடிச்சுக்குதுங்க. நான் இங்க உட்கார்ந்து பெட்டியைத் துடைச்சுக் குடுக்கறேன்."

ஊருக்கெல்லாம் சுற்று சுற்று என்று கத்துகிறவள், அந்தக் கேசட்டை மட்டும் ஒரு விரல் அளவு பின்னால் சுற்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நடந்தது எனக்குக் குழாய் வழியாகத் தெரியும்.

"யாருக்குச் சொன்ன?"

"எதை?" இது லூபென்.

"உன் குரல் கேக்காத இடத்துல திசை தெரியலைன்னு."

ஸ்பூன் தட்டில் விழுந்தது. பிறகு, "அது கப்பல்காரன் அவன் பொண்டாட்டிக்குச் சொல்றது."

"அவன் சொல்றதுல உன் குரல் ஏன்யா தழுதழுக்குது? சைக்கிள்காரன் கால் உடைஞ்சப்போ தழுதழுக்கலை. போன வருஷம் எங்கம்மா செத்தப்போ தழுதழுக்கலை."

டம்ளர் ஒன்று தட்டில் இடித்தது.

"முகம் ஏன் சிவக்குது? ரொட்டியை ஏன் தண்ணி டம்ளர்ல தொடற?"

நாற்காலி நகர்ந்தது. சின்ன அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஐஸ்பெட்டி நின்றது.

அவள் மேலே வந்தாள். அழவில்லை, அவள் அழுகிற ஜாதி இல்லை. "குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பாக்கறேன். என் பெயர் நாள் அன்னிக்கு அவன் எங்க இருக்கான்னு பாக்கறேன். அவ வீட்ல இருந்தா, சாயங்கால பஸ்ல விதின்ல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். கடைச் சாவி ஆத்துல."

"அவசரப்படாத."

"நீ பேசாம இரு. உன் புருஷன் ஈரலைப் பத்திப் பேசறான். எவளும் வந்து கேக்கப் போறதில்லை."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மைதான்.

ஞாயிறு வந்தது. சர்ச்சில் குருத்தோலைக்குப் பதிலாகக் கொடுத்த வில்லோ மரக் கொம்பைக் கதவில் கட்டினாள். வால்நட் கேக் சுட்டாள். ஆலிவ், ஊறுகாய், பீன்ஸ், எல்லாம் மேஜையில். சலவை செய்த மேஜைத் துணி. லூபென் விடிந்ததும், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தார். நானும் அவளும் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. ஒருத்தரும் வரவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர்த் தெரு தெரியும். ஸ்தாங்கா போனாள், கையில் தட்டு. அவள் புருஷனும் போனான். பல் டாக்டர் போனார். பாதிரியாரின் மனைவி போனாள். எல்லாரும் வயலேட்டாவின் படிக்கட்டில் ஏறினார்கள்.

"வெள்ளைச் சட்டை," என்றாள் நெவேனா. "எங்க கல்யாணத்துக்கே கரண்ட் இல்லைன்னு தேய்க்காத சட்டைதான் போட்டான்."

எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள், முன்பே கட்டி வைத்திருக்கிறாள். ஒரு கையில் பை, ஒரு கையில் கேக்.

"கேக் எதுக்கு?" என்றேன்.

"அவ மூஞ்சில வைக்கறதுக்கு."

நான் பின்னாலேயே ஓடினேன். போகாமல் வீட்டில் உட்கார எனக்கென்ன பைத்தியமா?

வயலேட்டாவின் மாடிப்படியில் பாதி ஏறும்போதே சிரிப்புச் சத்தம். கூரை பறக்கிற சிரிப்பு. நடுவில் வயலேட்டாவின் குரல்: "இருங்க இருங்க, பல் டாக்டர் கேக்கலை, அவருக்காக இன்னொரு தடவை போடறேன். இப்ப யாரும் பேசக் கூடாது!"

அமைதியானது. டிவியில் கப்பல் இயந்திரம் உறுமுவது கேட்டது. லூபெனின் குரல், வழக்கமான ஒரே சீரான குரல்: "இது தொலைதூரக் கப்பல். பூமியே, கேட்கிறதா? இங்கே எந்தச் சத்தமும் இல்லை. இந்த இருட்டில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை."

அப்போது, விண்வெளியின் அந்த இருட்டுக்குள்ளிருந்து, தூரத்தில், ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"லூபே...ன்! குடல் சூப் ஆறுதுய்யா! மூணாவது தடவை கூப்பிடறேன்! இன்னொரு தடவை கூப்பிட வச்ச, பூனைக்கு ஊத்திடுவேன்! உன்னையும் சேர்த்து ஊத்திடுவேன்!"

அறை வெடித்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். பாதிரியாரின் மனைவி "கடவுளே, கடவுளே" என்று மூச்சு வாங்கினாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் லூபென் சிரிப்பை விழுங்குகிற மூச்சுத் திணறல் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கனிந்த குரல் வருவதற்குள் வயலேட்டா நிறுத்திவிட்டாள். எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறாள். எல்லாரும் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அதற்கு முன்னால் இருந்தது.

நெவேனா படிக்கட்டில் கல்லாக நின்றாள்.

"அது என் குரல்," என்றாள்.

"உன் குரல்தான்," என்றேன். "எனக்குக் குழாயில கேக்கறதை விடத் தெளிவா இருக்கு."

உள்ளே போனோம். எங்களைப் பார்த்ததும் சிரித்த வாயெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஸ்தாங்கா முகத்தைத் தட்டால் மறைத்துக்கொண்டாள். நெவேனா கண்ணால் அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினாள். வெள்ளைச் சட்டை எங்கேயும் இல்லை.

"என் புருஷன் எங்க?"

"லூபென் அண்ணனா?" வயலேட்டா திகைத்தாள். "இங்க எதுக்குக்கா வராரு? அவர் என் கவுண்டருக்கு வந்தாகூட ஸ்டாம்ப்பை விரலால காட்டுவாரு, வாயால கேக்க மாட்டாரு."

"பின்ன ஏன்டி அந்தக் கேசட்டையே மறுபடி மறுபடி எடுத்துட்டுப் போற?"

"உங்களுக்காகத்தான். கோவிச்சுக்காதீங்க. ஊர்ல எல்லாரும் சூப் கேசட்டுன்னுதான் சொல்றோம். உங்ககிட்ட சொல்ல யாருக்கும் தைரியம் வரலை. தெரிஞ்சா அந்த இடத்தை வெட்டிடுவீங்களேன்னு பயம். அண்ணன் குரலை எல்லாரும் கேட்டாச்சு. ஊரே இப்ப கேக்க வர்றது உங்க குரலை."

நெவேனா திறந்த வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அப்போது படிக்கட்டில் ஈரக் காலடிச் சத்தம். லூபென் வந்தார். வெள்ளைச் சட்டை மார்பு வரைக்கும் நனைந்து சேறாகி இருந்தது. கையில் செய்தித்தாளில் சுற்றிய பெரிய கெளுத்தி, வால் வெளியே தொங்கியது. அந்த ஞாயிறு நோன்பிலும் மீன் சாப்பிடலாம். பெயர் நாளுக்கு மீன் பிடிக்க ஆற்றுக்குப் போயிருக்கிறார். அதற்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிற ஆளை என்ன செய்வது சொல்லுங்கள். வீட்டில் ஆள் இல்லை, இங்கே வெளிச்சமும் சத்தமும் தெரிந்தது, தேடிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கண் முதலில் டிவியைப் பார்த்தது, பிறகு பெண்டாட்டியைப் பார்த்தது, பிறகு அவள் கையில் இருந்த பையைப் பார்த்தது. முகம் வெளிறியது.

"கேட்டுட்டியா?" என்றார்.

"ஊரே கேட்டுருக்கு, கடைசியா நான்தான் கேட்டேன். ஏன்யா அதை அழிக்கலை? திரும்பப் பேசி இருக்கலாமே. தினமும் ஒரு இருமல் விழுந்தாக்கூடத் திரும்பப் பேசுவியே."

லூபென் மீனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பல் டாக்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"பேசிப் பாத்தேன்," என்றார். "நீ கூப்பிடாம பேசினா அந்த வரி வரலை. கூப்பிட்டப்போதான் வந்துச்சு. விட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் அளவுக்கு அது ஒரு பிரசங்கம். ஸ்தாங்கா புருஷனை முழங்கையால் இடித்தாள், கேட்டியா என்கிற மாதிரி. அவன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெவேனா பையைக் கீழே வைத்தாள். வயலேட்டாவிடம் கேக்கை நீட்டினாள், மூஞ்சிக்கு அல்ல, கைக்கு. "வெட்டு. பெருசா வெட்டாத, நிறையப் பேர் இருக்காங்க." பிறகு டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பின்னால சுத்து," என்றாள். "முதல்ல இருந்து போடு. யாராவது சிரிச்சீங்க, பல் இருக்காது. டாக்டர் இருக்காரு, கட்டிக்குங்க."

அந்தக் கேசட்டில் இருந்த மூணு பகுதியையும் முழுசாகப் பார்த்தாள். தன் புருஷன் குரலை அவள் முதல் தடவை உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான். சூப் வரும் இடத்தில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அந்த வரி வந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லூபென் கதவோரம் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இருந்தார். மீனை யாராவது வாங்கியிருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. விதின் பஸ் எப்போதோ போய்விட்டது.

எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தால் நீங்கள் நெவேனாவை அறியாதவர்கள். மறுநாள் காலை தகரக் கதவைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"கேசட்டுல இருக்கறவளுக்குத்தான் அந்தக் குரல். சமையலறையில இருக்கறவளுக்குத் தோள் மட்டும்தான் அசையுது. அவ கத்தினா கனியறான். நான் கத்தினா கதவைச் சாத்தறான்."

"அவளும் நீதானேடி!"

"நானா இருந்தா என்ன? குடுத்து வச்சவ அவதான்."

தன் மேலேயே பொறாமைப்படுகிற பெண்ணை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அதற்குப் பிறகு மத்தியானத்தில், லூபென் அறைக்குள் போய் ஐஸ்பெட்டி நின்றதும், அவள் சமையலறையில் வேலையே இல்லாவிட்டாலும் நிற்பாள். கொஞ்ச நேரம் பொறுத்து, தேவையே இல்லாமல், "லூபே...ன்!" என்று ஒரு கத்தல். அதனால் அந்த வருஷம் வந்த கேசட்டுகளை உற்றுக் கேட்டால், மல்யுத்தக்காரன் கீழே விழும் நேரத்தில், நீதிமன்றத்தில் தீர்ப்பு சொல்லும் நேரத்தில், செவ்வாய்க் கிரகத்தில் புழுதி பறக்கும் நேரத்தில், எங்கேயோ தூரத்தில் நெவேனாவின் குரல் கேட்கும். ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை.

இப்போது யாரும் கேசட் எடுப்பதில்லை. ஆனாலும் கராஜ் இருக்கிறது, மிஷின் ஓடுகிறது, ரெண்டு பேரும் இருக்கிறார்கள். விளையாட்டுப் படங்கள் இன்னும் கண் மட்டத்தில்தான். லோம் பக்கம் வந்தால், துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் தெருவில் மூன்றாவது குடியிருப்பு, தகரக் கதவு. கட்டாயம் போய்ப் பாருங்கள். சூப் கேசட் கேளுங்கள், சிரிக்காதீர்கள். லூபென் உங்களிடம் ஒன்றும் பேச மாட்டார், அதற்காகக் கோபப்பட வேண்டாம். பெண்ணாக இருந்தால் அவர் பக்கத்தில் உட்காராதீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே எழுந்து வந்துவிடுங்கள்.